விடுதிக்குப் போன பிள்ளை திருந்தி வருமா?



"இவனை எங்கையாவது ஹொஸ்டலிலை விட்டால் திருந்துவானோ, மிஸ்?" கிராமங்களுக்குப் போகும்போது தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தகப்பன் இல்லாத வீடு. பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் போவதில்லை, சொல்வழி கேட்பதில்லை. தாய் கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும். அப்படிக் கேட்கும் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் இதே கேள்விக்குப் பெரும் பணத்தைக் கொட்டிப் பதில் தேடிய ஒரு நாடு இருக்கிறது. அது அமெரிக்கா. அங்கே நடந்ததை நாம் அறிந்திருப்பது நல்லது.

போதைப்பொருள், கோபம், மனச்சோர்வு, பள்ளிக்குப் போகாமை என்று பெற்றோரால் சமாளிக்க முடியாத கட்டிளமைப் பருவத்தினரை மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் தங்கவைத்துத் திருத்துவதாகச் சொல்லும் தனியார் பள்ளிகள் அங்கே பல உண்டு. 'சிகிச்சை விடுதிப் பள்ளி' என்பது அவற்றின் பெயர். மாதத்துக்குப் பல ஆயிரம் டொலர் கட்டணம். வீட்டை ஈடுவைத்துக் கட்டிய பெற்றோரும் இருக்கிறார்கள்.

இவற்றில் பலவற்றின் வேர் 1958 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'சினனொன்' என்ற அமைப்பில் இருக்கிறது. போதைக்கு அடிமையான பெரியவர்களுக்காக அது தொடங்கப்பட்டது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவரைக் குறிவைத்து மற்றவர்கள் ஏசித் தீர்ப்பதுதான் அங்கே வைத்தியம். 1967 இல் 'சீடூ' என்ற பள்ளி அதே சாயலிலான முறையைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தது. வளர்ந்தவர்களையே உடைத்துப்போடும் ஒரு முறையைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பொருத்திப் பார்த்தார்களோ தெரியவில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் ஏர்விங் கொஃப்மன் 1961 இல் எழுதிய நூலொன்றைப் படித்தோம். மனநல மருத்துவமனை, சிறைச்சாலை போன்ற இடங்களில் உள்ளே வரும் ஆளின் உடுப்பு, உடைமை, வெளித் தொடர்பு எல்லாம் முதலில் பறிக்கப்படுகின்றன, பழைய ஆளை அழித்துவிட்டுத்தான் புதிய ஆளை உருவாக்கப் பார்க்கிறார்கள் என்பார் அவர். இந்தப் பள்ளிகளைப் பற்றி வாசித்தபோது அந்த வரிகளே ஞாபகத்துக்கு வந்தன. பல இடங்களில் கடிதங்கள் வாசிக்கப்பட்ட பின்பே வெளியே போகும். பிள்ளை படிப்படியாகப் 'புள்ளி' சேர்த்தால்தான் வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம். பக்கத்தில் ஊழியர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிள்ளையைக் கூட்டிப்போகும் விதம் இன்னும் கொடியது. பெற்றோர் காசு கொடுத்து அமர்த்திய ஆட்கள் நள்ளிரவில் அறைக்குள் வந்து எழுப்பிக் கொண்டுபோவார்கள். பிரபல செல்வக் குடும்பத்துப் பெண்ணான பாரிஸ் ஹில்டன், தனக்குப் பதினாறு வயதில் இப்படி நடந்தது என்றும், தன்னைக் கடத்துகிறார்கள் என நினைத்து அலறியதாகவும் 2020 இல் வெளிப்படையாகச் சொன்னார். நம்மிடையே இரவில் யாரோ வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன வீடுகள் உண்டு. அந்த இரவைத் தாயே ஏற்பாடு செய்தாள் என்று பிள்ளைக்குப் பிறகு தெரியவந்தால் எப்படியிருக்கும்?

நீண்டகாலப் பாதிப்பின் மையமே இதுதான் என்று நான் நினைக்கிறேன். அங்கிருந்து வந்தவர்கள் முப்பது, நாற்பது வயதிலும் கெட்ட கனவுகளையும், நித்திரைக்குப் போகும் பயத்தையும் பற்றிப் பேசுகிறார்கள். உளவளத்துணை என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதிகம் உடைந்தது வீட்டுக்குள் இருந்த நம்பிக்கை. "பிள்ளை முறைப்பாடு சொன்னால் நம்பவேண்டாம், வீட்டுக்கு வரப் பொய் சொல்வான்" என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். அடி விழுகிறது என்று பிள்ளை அழுதபோது தாய் போனை வைத்துவிட்டாள். பல வருடங்களின் பின் உண்மை தெரியவந்த பெற்றோர் படும் வேதனை வேறு. அந்தப் பள்ளி தன்னைக் காப்பாற்றியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது.

2007 இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் இத்தகைய இடங்களில் நடந்த பத்து மரணங்களை ஆராய்ந்தது. பயிற்சியில்லாத ஊழியர், போதாத உணவு, கவனயீனம் என்பவை வெளிவந்தன. வதிவிட நிலையங்களில் நடந்த துன்புறுத்தல்களில் 2005 இல் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர் சம்பந்தப்பட்டிருந்ததாகவும் அறிக்கை சொன்னது. யூட்டா மாநிலம் 2021 இல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. முழு நாட்டுக்குமான சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அதுகூட முதலில் ஆய்வு நடத்தச் சொல்லும் சட்டமே.

அடிக்கிற இடம் கெட்டது, அன்பான இடமென்றால் சரி என்று நினைக்கலாம். அங்கேயும் கவனம் வேண்டும். 1939 இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 506 பையன்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேருக்குப் பல வருடங்கள் ஆலோசனை, படிப்புதவி, மருத்துவம், கோடைகால முகாம் எல்லாம் அன்போடு கொடுக்கப்பட்டன. முப்பது வருடங்களின் பின் ஜோன் மக்கோர்ட் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களே மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள்: குடி, மனநோய், மீண்டும் மீண்டும் குற்றம், இளவயது மரணம். பின்னர் அலசியதில், ஒரு தடவைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடமே தீமை அதிகம் தெரிந்தது. குழப்படிப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிக்கொள்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதே அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில், குற்றம் செய்த பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து, தாய் தகப்பனையும் பள்ளியையும் சேர்த்து உதவிய ஒரு முறை உண்டு. ஏறக்குறைய 22 வருடங்களின் பின் பார்த்தபோதும் அந்தப் பிள்ளைகள் பாரிய குற்றங்களுக்காகக் கைதானது மற்றவர்களைவிடக் குறைவு.

நம் நிலைமை வேறு. வறுமையாலும், பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததாலும் பிள்ளையை இல்லத்தில் விடுகிற தாய்க்கு இந்தக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது. சேர்க்குமுன் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். இல்லம் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவானதா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? எத்தனை மாதத்தில் பிள்ளை வீட்டுக்கு வரும்? பிள்ளையிடமும் முதலே சொல்லி, ஏன் என்று விளங்கப்படுத்திக் கூட்டிப்போங்கள்.

ஏற்கெனவே விட்டிருந்தால், பார்க்கப் போகும்போது அலுவலக அறையில் உட்கார்ந்து பேசாமல் மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். என்ன சாப்பிட்டாய், பக்கத்துக் கட்டிலில் யார், இரவில் யார் காவல் என்று கேளுங்கள். பிள்ளை ஏதும் சொன்னால், பொறுப்பாளரிடம் போகுமுன் முழுவதையும் கேட்டு முடியுங்கள். சிறுவர் உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1929.