மேஸ்திரிக்கு லைசென்ஸ் ஏன் வேண்டும்?



திருப்பதியில் ஒரு கட்டடம் எழும்புகிறது. வரைபடத்தில் கையெழுத்திடுகிறவர் லைசென்ஸ் பெற்ற தொழில்நுட்பர். எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கிற முதலாளி 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர். சர்க்கார் வேலை எடுக்கிற காண்ட்ராக்டர் சொத்து மதிப்புச் சான்று காட்டி வகுப்பு வாரியாகப் பதிந்துகொண்டவர். தூக்குக்குண்டு விட்டு, கம்பி கட்டி, கலவை போட்டு, அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை எழுப்புகிறாரே நம் மேஸ்திரி, அவர் யார்? அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? தனி வீடு கட்டித் தருகிறவருக்கென்று நாடு தழுவிய லைசென்ஸ் எதுவும் இங்கே கிடையாது.

"இல்லாததே நல்லது" என்கிறார்கள் நம் மேஸ்திரிகள் பலர். ஆபீசுக்கு அலைய வேண்டாம், மாமூல் கொடுக்க வேண்டாம். மாமூல் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். சதுரத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சிலேயே முடிக்கிறோம். தளம் போட்டானதும் வீட்டுக்காரர் கை இறுகுகிறது. பூச்சு சரியில்லை, சன்னல் கோணல் என்று கடைசித் தவணை நிற்கிறது. எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? மேஸ்திரி தன் கைப்பணத்தைப் போட்டுப் பட்டுவாடா செய்கிறார், அல்லது சித்தாள் பெண்ணின் கூலியில் கை வைக்கிறார். இரண்டாவதுதான் அதிகம். சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

சாரம் சரிந்து ஆள் விழுந்தால் வீட்டுக்காரர் "மேஸ்திரியைக் கேள்" என்பார். மேஸ்திரி "நானும் கூலிக்காரன்தானே" என்பார். குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி ஓடிவரும் அவன் மனைவி யாரைக் கேட்பாள்?

குடியாத்தத்தான் சித்தூரில் வெளிமாநிலத்தான் ஆனதே ஒரு கோட்டினால்தான். 1911 வரை சித்தூர்தானே வடாற்காடு ஜில்லாவின் தலைமையிடம்! 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தது; 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. எல்லைச் சண்டையைத் திரும்பக் கிளப்ப இதைச் சொல்லவில்லை. கோடு போட்டவர்களுக்கு, கோடு தாண்டி வரும் உழைப்பாளியிடம் ஒரு கடமை உண்டு. ஒரிசாவின் தாதன் கூலி முறையின் கொடுமையைக் கண்டு 1979இல் அதற்கொரு சட்டமும் போட்டார்கள். ஐந்து பேரை மாநிலம் விட்டு அழைத்து வந்தாலே காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய பாஸ்புக். ஊர் பெயர்ந்ததற்குப் படி, போகவர வழிச்செலவு. நம்மில் எத்தனை பேர் அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் கண்டோம்?

இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை விழுங்கிவிட்டன. ஐந்து பேர் என்பது பத்து பேர் ஆயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் லைசென்ஸுக்கு 20 ஆள் என்றிருந்தது 50 ஆயிற்று. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீடு 10 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் விலக்கு என்றது 1996ஆம் வருஷச் சட்டம். இன்று அது 50 லட்சம். பத்து ஆளுக்குக் குறைந்தாலும் விலக்கு. சித்தூரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கட்டும் வீடு இதில் எங்கே வரும்? நலவாரியத்தில் சேர, பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்ததைக் காட்ட வேண்டும். சட்டத்தின் கணக்கில் கட்டட வேலையே அல்லாத இடத்தில் 300 நாள் உழைத்தாலும் எதைக் காட்டுவது? இந்த லட்சணத்தில், வெளிமாநிலத் தொழிலாளிக்கும் வேலை செய்யும் மாநிலத்தின் நலநிதியில் பங்குண்டு என்றும் அதே தொகுப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

படிக்காதவனுக்கு லைசென்ஸா என்று கேட்கிற படித்தவர்கள் கலிபோர்னியாவைப் பார்க்கட்டும். அங்கே வீடு கட்டும் காண்ட்ராக்டருக்குப் பட்டம் கட்டாயமில்லை. தேர்ந்த தொழிலாளியாக நான்காண்டு அனுபவம், தேர்வு, 25,000 டாலர் ஜாமீன் பத்திரம், இவைதான் கேட்கிறார்கள். ஜாமீன் பத்திரம் நமக்கு வேண்டாம். அது நம் மேஸ்திரியைக் கந்துவட்டிக்காரனிடம் தள்ளிவிடும். கைவேலையைத் தகுதியாக மதிக்கிறார்களே, அது வேண்டும்.

சித்தூர், திருப்பதி மாநகராட்சிகள் மேஸ்திரிகளுக்கு ஒரு பதிவேடு திறக்க வேண்டும். அனுபவமே தகுதி, தேர்வு வாய்மொழியாக, தெலுங்கிலும் தமிழிலும். தெலுங்கு மேஸ்திரிகளுக்கும் இதே கதிதான் என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொண்டே கேட்போம். வீட்டு அனுமதி விண்ணப்பத்தில் மேஸ்திரி பெயரும் ஏற வேண்டும். கூலிப் பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும்.

பதிலுக்கு மேஸ்திரிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆள் பெயர், வேலைக்கு வந்த நாள், கொடுத்த கூலி, இவற்றை எழுதிய நோட்டு அவர் கையில் இருக்க வேண்டும். பெண்ணின் கூலியைப் புருஷன் பெயரில் சேர்த்து எழுதுவது கூடாது. அவள் பெயரில் தனி வரி. இதற்குச் சர்க்கார் உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வரும் மேஸ்திரிகள் அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.