துறைமுகத்தின் பழைய படங்கள் திருகோணமலைக்கு வரட்டும்

சுவாமி மலையில் ஏறும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கோட்டையின் கதை தெரியும். கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் அதைக் கட்டினார்கள். ஆனால் கடல் கடந்து வந்தவர்கள் இந்தக் கரையையும் குடாவையும் எப்படித் தாளில் இறக்கினார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டாமா?

யொஹான் வொல்ஃப்காங் ஹைட் என்ற ஜேர்மானியரின் வாழ்க்கை அதற்கு நல்ல தொடக்கம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்து 1734இல் இலங்கைக்கு வந்தவர். வரையத் தெரிந்த கை அவருக்கு. 1736இல் கம்பனி கண்டி அரசனிடம் அனுப்பிய தூதுக்குழுவோடு மலைநாடு வரை போனார். வழியெல்லாம் கண்டதை வரைந்தார். பிறகு பத்தாவியா, பிறகு ஊர். 1744இல் ஜேர்மனியின் வில்ஹெர்ம்ஸ்டோர்ஃபில் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் 115 படங்கள், எல்லாம் செப்புத் தகட்டில் ஏறியவை. இலங்கைப் பகுதியை ரேவன்-ஹார்ட் என்பவர் 1952இல் ஆங்கிலமாக்கினார். அது தமிழிலும் கிடைக்க வேண்டும்.

செப்புத் தகட்டு வேலை லேசானதல்ல. படமும் எழுத்தும் தகட்டில் இடவலம் மாறி நிற்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். கூரிய உளியை உள்ளங்கையால் தள்ளித் தள்ளிக் கோடு கீறுவார்கள். மையைப் பூசி, துணியால் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைக்கு இடையில் அழுத்துவார்கள். ஊரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அந்தப் பிழை வரும்.

கடற்படங்களில் தண்ணீர்ப் பரப்பெங்கும் சின்னச் சின்ன எண்கள் தெரியும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த ஆழம் அது. ஐரோப்பிய மாலுமிக்கும் அளவு, விரித்த இரண்டு கைகளின் நீளம்தான். நம் கடற்றொழிலாளர் இன்றும் சொல்லும் ‘பாகம்’ அதே அளவு! கொட்டியாரக்குடாவில் எத்தனை பாகம், எங்கே பார் என்று தொழிலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தப் படங்கள் வேடிக்கைக்காக வரையப்பட்டவையல்ல. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்துக்கொண்டார். அப்படிப்பட்ட துறைமுகத்தின் படம் ஒவ்வொரு கப்பல் தலைவனுக்கும் ஆயுதம் மாதிரி. அதே கொட்டியாரத்தில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலும் இலங்கைப் படம் ஒன்று சேர்ந்தது.

திருகோணமலையில் பழைய ஒல்லாந்தர் கட்டடமொன்றில் கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய படங்களின் நல்ல பிரதிகளுக்கு அங்கே ஒரு சுவர் ஒதுக்கலாம். நகர நூலகத்திலும் ஒரு தொகுதி வைக்கலாம். தலைப்பும் விளக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஐரோப்பியக் காதுக்குப் பட்டபடி சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயர்களை மூதூர், கிண்ணியா, நிலாவெளி முதியவர்கள் வாசித்துச் சொல்ல, பாடசாலைப் பிள்ளைகள் பக்கத்திலேயே சரியான பெயரை எழுதட்டும்.