ஒயருக்கு உறை உண்டு, உழைப்பாளிக்கு?

ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்யும் தோழர் சொன்ன சேதி இது. நீராவிக் குழாயை ஒட்டி ஓடும் மின்சார ஒயர் அடிக்கடி வெந்து போயிற்று. உடனே நிர்வாகம் வெள்ளிபோல் மின்னும் ஒட்டு டேப்பை வரவழைத்து, ஒயர் நெடுகச் சுற்றிவிட்டது. அதே குழாயருகே எட்டு மணி நேரம் நிற்கிற தொழிலாளியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை!

டேப்பின்மேல் நமக்குக் கோபமில்லை. நல்ல சாமான்தான். கண்ணாடி இழைத் துணியின்மேல் அலுமினியத் தகடு, அடியில் சூடு தாங்கும் சிலிகோன் பசை. கதிராக வந்து விழும் வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் பளபளப்பான அலுமினியம் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் வெறும் டேப்பைக் குழாயில் சுற்றிவிட்டு, 'பாதுகாப்புச் செய்தாயிற்று' என்று மானேஜர் சொன்னால் நம்பாதீர்கள். சூட்டை அடக்குவது கண்ணாடிப் பஞ்சு உறை. அதற்குமேல் அலுமினியத் தகடு, மூட்டுகளை அடைக்க டேப், இதுதான் முறை. பஞ்சுத் தூசி படிந்தால் பளபளப்பு போய்விடும். அடிக்கடி துடைக்க வேண்டும். (ஒரு காலத்தில் கல்நார்க் கயிற்றைச் சுற்றினார்கள். அது தொழிலாளியின் நுரையீரலைத் தின்றது.)

இது தருமம் கேட்பதல்ல. மிதமிஞ்சிய சூடு உண்டாகும் வேலையைத் தனியே பிரித்தோ, சூடான பாகங்களுக்கு உறையிட்டோ, வேறு வழியிலோ தொழிலாளியைக் காக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்லியிருந்தது. கூரைக்கு வெள்ளையடிக்கச் சொல்லவும் தலைமை இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இருந்தது. எத்தனை மில்லில் அடித்தார்கள் என்பது வேறு விஷயம். 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் காற்றோட்டமும் வெப்பமும் சர்க்கார் வகுக்கும் விதிகளுக்கு விடப்பட்டிருக்கின்றன. சட்டத்தை மாற்றப் பார்லிமெண்ட் வேண்டும். விதியை மாற்ற ஒரு அறிவிக்கை போதும்.

போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற விவசாயத் தொழிலாளருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. காய் உலர்த்தும் ஸ்டோரில், சூட்டுக் குழாய் ஓடும் அறைக்குள் தட்டுகளைப் புரட்டப் போகிறவர் மனிதரல்லவா? காயின் பச்சை நிறம் கெடாதிருக்கச் சூட்டை டிகிரிக் கணக்கில் பார்க்கிறார்கள். புரட்டுகிறவருக்குக் கணக்கே கிடையாது.

அடுத்த கோரிக்கை மனுவில், போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கீழே, குழாய்க்கு உறை, கூரைக்கு வெள்ளை, குளிர்ந்த குடிதண்ணீர், இடையிடையே இளைப்பாற நேரம் என்று எழுதுங்கள். செலவு கட்டாது என்று நிர்வாகம் சொன்னால், ஒயருக்கு டேப் வாங்கிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.