வாய்தாவுக்கு யார் பொறுப்பு?

குடும்ப நல நீதிமன்ற நீதிபதிகள் ஜீவனாம்ச வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைப்படி நடக்கிறார்களா என்று கேட்டால், உடனே வரும் பதில்: "அது நீதித்துறைச் சுதந்திரம். குறையிருந்தால் மேல்முறையீடு செய்யட்டும்."

மேல்முறையீட்டையே எடுத்துக்கொள்வோம். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இடைநிலை உத்தரவுகளுக்கு அந்த வழியை அடைத்துவிடுகிறது. இடைக்கால ஜீவனாம்ச மனு 'பதிலுரைக்கு' என்று ஒரு மாதம் தள்ளிப்போகிறது. அடுத்த வாய்தாவில் கணவரின் வக்கீல் 'டைம்' கேட்கிறார். மறுபடி ஒரு மாதம். இதில் எதை எதிர்த்து மேலே போவது? அரசியலமைப்பின் 227-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம்தான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கே வழியில்லாதவர் இன்னொரு வக்கீலுக்கு எங்கே போவார்?

"நெறிமுறை வெறும் யோசனைதானே?" இல்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின் அதிகாரத்தையும் கொண்டு பிறப்பித்தது அது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர நான்கு வாரம். வேண்டுமென்றே இழுத்தடித்தால் எதிர்வாதத்தையே நீக்கலாம். இடைக்கால மனுவை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். 2023 நவம்பரில் இன்னொரு வழக்கில், இவை கடைப்பிடிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டு, எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் மறுபடி அனுப்பச் சொன்னது. மீறியவர் யார் என்று கேட்க ஆளில்லாவிட்டால், எத்தனை முறை அனுப்பினாலும் அது தபால்தான்.

நீதிபதிகளுக்குப் பணிச்சுமை என்பார்கள். உண்மை. ஆனால் வருமானக் கணக்கு முதலிலேயே மேசைக்கு வந்துவிட்டால், சம்பளம் எவ்வளவு என்ற சண்டையிலேயே பாதி வாய்தாக்கள் கழிய வேண்டியதில்லை.

கடைசியில் சுதந்திரம். எவ்வளவு ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் என்பது நீதிபதியின் தீர்ப்பு. அதில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. வழக்குக் கட்டில் பிரமாணப் பத்திரம் இருக்கிறதா என்பது அப்படியல்ல. கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்திடம்தான் தந்திருக்கிறது. எத்தனை வழக்கு முடித்தார் என்று கணக்குக் கேட்பவர்கள், இதையும் கேட்கலாம்.

அதுவரை, உங்கள் வழக்கில் பிரமாணப் பத்திரம் கேட்கப்படாவிட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மனுவாகப் போட்டு, உத்தரவு கேளுங்கள்.