ஹைபிரிட் கார் வாங்கிவிட்டால் மட்டும் போதுமா?

கடை வாடகை எவ்வளவு, கூலியாட்கள் சம்பளம் எவ்வளவு, மின் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் நம்மில் எவரும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லிவிடுவோம். கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டால் மட்டும், "கம்பெனியில் சொன்னது இவ்வளவு" என்று பதில் வரும். நமது வண்டி நமது சாலையில் எவ்வளவு கொடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெட்ரோல் போட்ட சிட்டை ஓட்டுநரின் சட்டைப் பையிலேயே நைந்து போகிறது.

வணிகர்களாகிய நாம் இதில் அசட்டையாக இருப்பது சரியல்ல. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோதும் பெட்ரோலும் டீசலும் அதற்குள் கொண்டுவரப்படவில்லை. சரக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்கிறோம். பெட்ரோலில் அடங்கிய வரியை அப்படிக் கழிக்க வழியில்லை. ஆகவே பங்கில் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நேராக நமது இலாபத்திலிருந்து போகிறது. சர்க்கரையிலும் எண்ணெயிலும் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் நிற்பதே பெரும்பாடாக இருக்கும்போது, மாதம் 2,000 ரூபாய் பெட்ரோல் வீணானால் 2 லட்ச ரூபாய் விற்பனையின் இலாபம் புகையாகப் போயிற்று என்று பொருள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த சிலர் அவலூர்பேட்டை, செஞ்சி, சேத்துப்பட்டு வட்டாரத்திலும் ஹைபிரிட் கார் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் வாங்கிய சில மாதங்களில், "லிட்டருக்கு 27 என்றார்கள், 17-தான் வருகிறது" என்ற புலம்பல் காதில் விழுகிறது. வண்டியைக் குறை சொல்வதற்கு முன், அதை மிதிக்கும் காலைப் பார்க்க வேண்டும் என்பதே நமது கருத்து.

வண்டியின் தன்மை

ஹைபிரிட் புதிய சரக்கு அல்ல. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1997-ஆம் ஆண்டிலேயே பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நமது நாட்டில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. விலை காரணமாகப் பரவவில்லை. 2022-இல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைபிரிட் வண்டிகள் வந்த பிறகே நடுத்தர வணிகர்களின் பார்வை இதன் மேல் விழுந்தது. கிராண்ட் விட்டாராவுக்கு அறிவிக்கப்பட்டது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுத்த அளவு. அங்கே மேடும் இல்லை, மாடும் இல்லை, சாலையில் காய வைத்த நெல்லும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'மைல்டு ஹைபிரிட்' என்று விற்கப்படும் வண்டிகளில் சிறிய மின்மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை இழுக்காது. 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்பதில்தான் என்ஜின் நின்றிருக்கும்போதும் மோட்டார் மட்டுமே வண்டியை ஓட்டும். இரண்டுக்கும் விலையிலும் பலனிலும் பெரிய வித்தியாசம். பெயரைக் கேட்டு ஏமாறாமல், எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதன் சூட்சுமம் எளியது. சாதாரணக் காரில் பிரேக் போட்டால் ஓட்டத்தின் வேகம் முழுவதும் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட் காரில் பிரேக் மிதிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. அடுத்த முறை வண்டி கிளம்பும்போது அதே மின்சாரம் உதவுகிறது. சிந்திய தானியத்தைக் கூட்டி எடுத்து மறுபடியும் மூட்டையில் போடுவது போன்றது இது. ஆனால் வெளியிலிருந்து கம்பி மாட்டி இந்த வண்டிகளுக்கு மின்சாரம் ஏற்ற முடியாது. பேட்டரியில் இருப்பதெல்லாம் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். கூட்டி எடுக்கலாம் என்பதற்காக யாரும் வேண்டுமென்று சிந்துவதில்லை அல்லவா?

ஓட்டும் முறை

முதலாவது, பிரேக். முன்னால் வேகத்தடையோ கரும்பு டிராக்டரோ தெரிந்தவுடன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிறகு மெதுவாக, நீளமாகப் பிரேக் மிதிக்க வேண்டும். அப்போதுதான் மின்சாரம் சேரும். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரத்திலுள்ள சாதாரணப் பிரேக் வேலை செய்யும். சேர வேண்டியது சூடாகிப் போகும். பாரவண்டி ஓட்டிய நமது முன்னோர் இறக்கத்தில் மாட்டை விரட்டியதில்லை. அந்த அறிவு இன்றைக்கும் செல்லும்.

இரண்டாவது, கிளம்பும் விதம். சீறிக் கிளம்பினால் பெட்ரோல் குடிக்கும் என்பது தெரிந்ததே. அதற்காக மின்சாரத்திலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஆமை வேகத்தில் ஊர்வதும் தவறு. பேட்டரி இறங்கிப் போனால் என்ஜின் பெட்ரோலைச் செலவழித்து அதை மறுபடி ஏற்றும். அந்த மாற்றத்தில் ஒரு பங்கு சேதாரமாகும். நிதானமாக வேகம் எடுத்து, வேண்டிய வேகம் வந்ததும் காலைச் சற்றுத் தளர்த்தினால் என்ஜின் நின்று மோட்டார் தொடரும். இந்தப் பழக்கம் கைவந்தால் பாதி வித்தை வந்தது போல.

மூன்றாவது, நெடுஞ்சாலை வேகம். கோயம்பேட்டுக்குப் போகிறவர்கள் செஞ்சி வழியாகத் திண்டிவனம் நான்குவழிச் சாலையில் ஏறியதும் 100, 110 என்று விரட்டுகிறார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 80-இல் போவதைக் காட்டிலும் 100-இல் போகும்போது காற்றின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு மிச்சமாவது 15 நிமிடம் மட்டுமே. அந்த வேகத்தில் பெட்ரோல் என்ஜின் ஓய்வின்றி உழைக்கும். பிரேக்கும் குறைவாதலால் திரும்பச் சேர்வதும் குறைவு. திருவண்ணாமலைத் தேரடித் தெருவின் நெரிசலில்தான் ஹைபிரிட் தன் திறமையைக் காட்டும். எப்போதும் நான்குவழிச் சாலையில் மட்டுமே பறப்பவர்கள், கூடுதல் விலை கொடுக்குமுன் யோசிப்பது நல்லது.

செய்யக்கூடாதவையும் உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பேட்டரியில் மின்சாரம் சேராது, ஆபத்தும் கூட. ஜவ்வாது மலை போன்ற நீண்ட இறக்கத்தில் 'பி' கியர் உள்ள வண்டியில் அதைப் பயன்படுத்தலாம். பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கைக்கு அருகே இருக்கும். நாமோ வணிகர்கள், காலி இடத்தைக் கண்டால் ஒரு சிப்பத்தை வைத்துவிடுவோம். அந்தத் துளையை மூட்டையோ சாக்கோ அடைத்தால் பேட்டரி சூடேறும், பலன் குறையும். துளை எங்கே என்பதைக் கையேட்டில் பார்த்துக் கொள்ள வேண்டும். டயர் காற்றை மாதம் இருமுறையாவது, வண்டி சூடாகாத காலை வேளையில் பார்க்க வேண்டும்.

பயணத்தைத் திட்டமிடுவதும் ஓட்டும் முறையில் சேர்ந்ததே. காலையில் வங்கி, பத்து மணிக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், மதியம் மல்லாட்டை மண்டி என்று மூன்று தடவை கிளம்பினால், ஆறிப்போன என்ஜின் ஒவ்வொரு முறையும் சூடேறப் பெட்ரோல் கேட்கும். ஒரே சுற்றில் முடித்தால் மிச்சம். பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கும், அமாவாசையன்று மேல்மலையனூர் வழியாகவும் வியாபார வேலையாகப் போவதைத் தவிர்க்கலாம். நின்ற இடத்திலேயே ஏ.சி. ஓடினால் பேட்டரி இறங்கும், என்ஜின் தானாகக் கிளம்பும்.

ஓட்டுநரும் முதலாளியும்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கசப்பான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பெட்ரோல் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓட்டுநர் அல்ல, முதலாளியின் அவசரம்தான். அரை மணி தாமதமாக அனுப்பிவிட்டு, "எங்கே இருக்கிறாய், இன்னுமா வரவில்லை?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனில் அதட்டினால் அவர் எப்படி நிதானமாக ஓட்டுவார்? அந்த அவசரம் பெட்ரோலோடு நிற்பதில்லை. உயிருக்கும் உலை வைக்கும்.

ஒரு கணக்கு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். லிட்டருக்கு 17 கிடைத்தால் 88 லிட்டர் ஆகும். 22 கிடைத்தால் 68 லிட்டர் போதும். வித்தியாசம் 20 லிட்டர், 2,000 ரூபாய். அதில் பாதியை ஓட்டுநருக்கு ஊக்கத்தொகையாகக் கொடுத்துப் பாருங்கள். நாம் சொல்லிக் கொடுக்காத வித்தையையும் அவரே கற்றுக் கொள்வார். கணக்கு நேர்மையாக இருக்க, ஒரே பங்கில் தொட்டி நிறையப் போட்டு, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி வகுத்துப் பார்க்க வேண்டும். நாலைந்து முறை பார்த்தால் உண்மை தெரியும்.

எரிபொருள் சிக்கனத்தைச் சொல்லித் தருவதற்கென்றே மத்திய அரசின் பெட்ரோலியத் துறையின் கீழ் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978 முதல் இருந்து வருகிறது. நமது சங்கம் அதனை அணுகி, வட்டாரத்திலுள்ள கார், சிறுசரக்கு வண்டி ஓட்டுநர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது பயிற்சி முகாம் நடத்த வேண்டும். ஹைபிரிட் இல்லாத வண்டிக்கும் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தும் என்பதால், இதனால் பயனடையாத உறுப்பினர் எவரும் இருக்க மாட்டார்.

நமது நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதன் விலை நமது கையில் இல்லை. வரியும் நமது கையில் இல்லை. ஆக்சிலேட்டரின் மேல் உள்ள கால் மட்டுமே நம்முடையது. வருகிற பொதுக்குழுவில் பயிற்சி முகாமுக்கான தீர்மானத்தை உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். அதுவரை காத்திராமல், நாளைக் காலையிலேயே வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வைப்போம்.