வெயில் வேறு, வெளிச்சம் வேறு

வெயிலில் நிற்கும் பிள்ளையை உள்ளே வரச் சொல்லி, வந்த பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்கள், சூரியனிடமிருந்து நேரே வருவதும் வானத்தில் பரவி வருவதும் வேறு வேறு என்பதை எந்தச் சாஸ்திரமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். கட்டடங்களின் பகல் வெளிச்சத்தைப் பற்றிய ஆராய்ச்சி இந்தப் பேதத்தைக் கணக்கில் கொண்டுவரச் சிறிது காலம் பிடித்தது.

அத்துறையில் நெடுங்காலம் அரசோச்சியது, வெட்டவெளியில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அறைக்குள் வந்து சேருகிறது என்று கணிக்கும் பகலொளிக் காரணி என்ற அளவுகோல். பிரிட்டனில் வளர்ந்த இந்த அளவுகோலுக்கு ஆதாரமான வானம் முற்றும் மேகம் மூடியது. 1955-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஏற்ற இலக்கணப்படி, அதன் உச்சி அடிவானத்தைப்போல் மும்மடங்கு பிரகாசமுடையது. அவ்வானத்துக்குத் திசைபேதம் இல்லாமையால், மேற்கு ஜன்னலும் வடக்கு ஜன்னலும் அந்தக் கணக்கில் ஒன்றே. மாலை வெயில் முகத்தில் அறையும் அறையில் குடியிருந்தவர் எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டின் தெளிந்த வானத்தையே அளந்து பார்த்தார்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில் நிற்க, நேர்வெயிலை நீக்கி, வானம் மட்டும் தரும் 8000 லக்ஸ் வெளிச்சத்தை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் தரவிதி அவ்வழியில் வந்தது. பிற்காலத்தில் கணிப்பொறி வந்து, ஆண்டின் ஒவ்வொரு மணிக்கும் அறையின் வெளிச்சத்தைக் கணிக்க முடிந்தபோது, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2005-இல் 100 லக்ஸுக்குக் குறைந்ததைப் போலவே 2000 லக்ஸுக்கு மிஞ்சியதையும் பயனுள்ள வெளிச்சமாகக் கருதலாகாது என்று வகுத்தார்கள். மிகுதியும் குற்றமே என்ற இந்த ஞானம், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத நமக்கே அதிகம் பொருந்துவது.

இவ்வளவு நுட்பம் வளர்ந்த பின்னும், கண்ணாடிச் சுவர் எழுப்பிய அலுவலகத்தில் நடுப்பகலில் திரையை இறக்கிவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். திரையை இறக்கும் கையைக் கணிப்பொறி தானாக அறியாது. மனிதரைப் பார்த்துத்தான் அதற்குச் சொல்லவேண்டும். ஒருமுறை இறக்கிய திரையை மக்கள் எளிதில் ஏற்றுவதில்லை என்று காட்டிய பெயர்பெற்ற ஆய்வுகளோ கனடா, ஜெர்மனி முதலிய குளிர்நாடுகளில் நடந்தவை. கண்கூச்சத்தோடு உஷ்ணமும் சேர்ந்து வாட்டும் நம் ஊர்களில் அந்தப் பழக்கம் எப்படியிருக்கும் என்பதை அங்கிருந்து கடன் வாங்கமுடியாது.

ஆகையால், கட்டடக் கலை கற்பிக்கும் நம் கல்லூரிகள் கணிப்பொறித் திரையில் தோன்றும் மாதிரி அறைகளோடு திருப்தியடையாமல், தங்கள் வகுப்பறைகளையே ஓராண்டு அளந்து பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரும்பொருள் செலவாகும் காரியமன்று இது. எந்த மாதத்தில், எந்த மணியில், வெயிலுக்காகவா வெப்பத்துக்காகவா ஜன்னல் சாத்தப்பட்டது என்று எழுதிவைக்க ஒரு லக்ஸ் மீட்டரும், ஒரு வெப்பமானியும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.