இடுப்பு மூட்டு மாத்தினது கட்டில்ல படுக்கவா?

"மூணு மாசம் அசையவே கூடாது"ன்னு சொல்ல ஊருக்கு ஒரு சித்தப்பா இருக்கார். சுத்தத் தப்பு. இடுப்பு மூட்டு மாத்தின அன்னைக்கோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து நிக்க வைக்கிறோமே, எதுக்கு? படுத்தே கிடந்தா தொடைத் தசை வத்திடும். கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிரே போகலாம்.

கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சொல்ற வரை குத்தவைக்கக் கூடாது, சம்மணம், கால் மேல கால் கூடாது. மூட்டு நழுவிடும். (நழுவினா வர்ற வலி, வார்டே எழுந்திருக்கும்.) உயரமான சேர்ல உட்காரலாம், நடக்கலாம்.

ஆனா கம்மோடு இல்லாத வீட்டுக்கு "கீழ உட்காராதீங்க"ன்னு மட்டும் எழுதி டிஸ்சார்ஜ் பண்றது எந்த ஊர் நியாயம்? ஓட்டை போட்ட கம்மோடு சேர் பத்தி ஆபரேஷனுக்கு முன்னாடியே நாமதான் பேசணும். பிசியோவுக்கு அலைய முடியாதவங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பண்ற பிசியோதெரபி இருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.